படுத்துப் பார்க்க வேண்டிய படங்கள்

— அந்த மேஜைல கைய ஊனாத தம்பி. துணிக்கு அடியில ஆள் இருக்கு.

— ஆளா?

— எலும்புதான், பயப்படாத. அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரு. என்ன அது, இடுப்புல பெல்ட்டு?

— டாக்டர் குடுத்தது. சட்டைக்கு மேல கட்டினா பயில்வான் மாதிரி இருக்கு, உள்ள கட்டினா மாசமா இருக்கற மாதிரி இருக்கு. அது கெடக்கட்டும். நீ எப்படிக்கா இருக்கே?

— எனக்கென்ன, காலைல வந்து இந்த ரூமுக்குள்ள எறங்கினா சாயங்காலம்தான் வெளிச்சத்தையே பாக்கறேன். நீ இந்த மியூசியத்துக்கு வந்து எவ்வளவு காலமாச்சு. ஒரு போன் பண்ணியிருக்கக்கூடாதா? வாசல்ல இருக்கறவரு, 'டயர் கடைக்காரர் மாதிரி ஒருத்தர் வந்திருக்காரு மேடம்'னாரு. ஆபீஸ் வேன்தான் பஞ்சராயிருச்சு போலன்னு நெனச்சேன்.

— சரியாத்தான் சொல்லியிருக்காரு. எவ்வளவு தேச்சாலும் நகக்கண்ணுல கருப்பு போறதில்ல.

— எனக்கு மட்டும் என்ன. பாரு, நகக்கண்ணு பூரா செம்மண்ணு. கடைய யாரு பாத்துக்கறா?

— பூட்டிட்டு வந்தேன்.

— சின்னவன் தொரைய?

— அவனுக்கென்ன. காலைல குளிச்சு, பவுடர் போட்டு, ஜம்முனு இருக்கான்.

— நல்லவேளை வந்தே. உனக்குத்தான் மொதல்ல காட்டணும்னு இருந்தேன். துணிய எடுக்கறேன், கிட்ட வா.

— இவ்வளவு சின்னதா?

— பிள்ளைடா. பல்ல வெச்சுப் பாத்தா பன்னெண்டு வயசு. நீளத்த வெச்சுப் பாத்தா ஆறு வயசுகூடச் சொல்ல முடியாது. பையனா பொண்ணான்னு இன்னும் தெரியல. மலைக்குகைக்குள்ள மண்ணுக்கடியில கெடந்தது. இருபதாயிரம் வருஷம் இருக்கும்.

— தொடை எலும்பு ஏன் இப்படி ஈர்க்குச்சி மாதிரி இருக்கு?

— அதைத்தான் பாக்கச் சொல்றேன். இது இன்னொரு பிள்ளையோடது. அதே குகை, அதே வயசு, ஓடியாடின பிள்ளை. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு. நின்னாத்தான் எலும்பு தடிக்கும். இந்த இடுப்புக் குழியப் பாரு, தட்டு மாதிரி பரந்து கெடக்கு. காலு இதுல ஒழுங்கா உக்காந்ததே இல்ல.

— நம்ம தொரையோட எக்ஸ்ரேல இருக்கற மாதிரி.

— அச்சு அசல். அம்மா அத ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பாளே. ஒண்ணும் புரியாது அவளுக்கு. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புடிச்சுப் பாப்பா.

— நீயும் பக்கத்துல நின்னு பாப்பே. நான் இதுல தம்பி மூஞ்சி எங்கன்னு கேட்டு அடி வாங்கினேன்.

— இந்தப் பிள்ளையும் நம்ம தொரை மாதிரிதான். பொறந்ததுலேருந்து நடந்ததில்ல. தானா எழுந்து உக்காந்திருக்கவும் முடியாது. ஆனா பன்னெண்டு வருஷம் வாழ்ந்திருக்கு. யோசிச்சுப் பாரு. வீடு இல்ல, வாசல் இல்ல. மான் கூட்டம் நகந்தா இவங்களும் பின்னாலயே நகரணும். அந்தக் குளிர்ல, அந்தப் பசியில, ஒரு பாறைக்கு அடியில விட்டுட்டுப் போயிருந்தா யாரு கேக்கப் போறா? விடலடா.

— ம்.

— பல்லப் பாரு, தேயவே இல்ல. மத்தவங்க பல்லெல்லாம் தோல் கடிச்சு, கொட்டை ஒடச்சு, மழுங்கிப் போயிருக்கு. இதுக்கு யாரோ மென்னு மென்னு ஊட்டியிருக்காங்க. படுக்கைப் புண்ணு முத்தினா எலும்புலயே தடம் விழும். பூதக்கண்ணாடி வெச்சுத் தேடினேன். ஒரு எடத்துலகூட இல்ல.

— அப்ப திருப்பித் திருப்பிப் படுக்க வெச்சிருக்காங்க. ராத்திரியும்.

— ராத்திரியுமா?

— பின்ன? பகல்ல மட்டும் திருப்பினா போதுமா. விடியறதுக்குள்ள நாலஞ்சு தடவை எழுந்துக்கணும். அசந்து தூங்கிட்டா காலைல இடுப்புல செவந்திருக்கும். அது கெடக்கட்டும், நீ சொல்லு.

— நீ அப்படி எழுந்துக்கறியா?

— நானும் அவளும் மாத்தி மாத்தி. கல்யாணமான புதுசுல அவளுக்குப் பாவம், இப்படி ஒரு வேலை இருக்குன்னே தெரியாது. நீ சொல்லுக்கா. வேற என்ன கெடச்சுது?

— மாலை. மான் பல்லுல ஓட்டை போட்டு கோத்தது. நூல் மக்கிப்போச்சு, பல்லு மட்டும் கழுத்தச் சுத்திக் கெடந்துச்சு. செத்ததுக்கு அப்புறம் போட்டதுன்னு மொதல்ல நெனச்சோம். அப்புறம் பாத்தா ஒரு பக்கம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு. உயிரோட இருக்கறப்பவே போட்டிருக்காங்க. தூக்கறவங்க ஒடம்புல ஒரசி ஒரசித் தேஞ்சிருக்கு.

— சாவறதுக்கு முன்னாடியே அழகு பண்ணிப் பாத்திருக்காங்க.

— ஆமா. இப்ப படம் காட்டறேன், இந்தக் கம்ப்யூட்டர் பக்கம் வா. இது குகையோட பெரிய கூடம். சுவர் பூரா பாத்தியா, காட்டெருமை, மான், குதிரை. எல்லாம் நின்னு பாக்கற ஒசரத்துல. இந்த ஓரமா ஒரு பொந்து தெரியுதா? தவழ்ந்துதான் போகணும். மொதல்ல போனவங்க உள்ள ஒண்ணுமில்லன்னு திரும்பிட்டாங்க. அப்புறம் அளவெடுக்கப் போன ஒரு பொண்ணு, முதுகு வலி தாங்காம அப்படியே மல்லாந்து படுத்திருக்கா. கைல இருந்த விளக்கு மேல அடிச்சிருக்கு. கூரை பூரா குதிரை.

— கூரைலயா?

— மூஞ்சிக்கு ஒரு முழம் மேல. தவழ்ந்து போறவங்களுக்குத் தெரியாது. குனிஞ்சு உக்காந்தாலும் தெரியாது. மல்லாந்து படுத்தாத்தான் தெரியும். பிள்ளையப் பொதச்சது அதுக்கு நேர் கீழ. அது உயிரோட கெடந்த எடமும் அதுதான்னு நான் சொல்றேன். அதுக்குன்னே வரைஞ்சதுன்னு சொல்றேன்.

— மத்தவங்க ஒத்துக்கறாங்களா?

— சிரிக்கறாங்க. பூசைக்கு வரைஞ்சதாம். வேட்டை நல்லா அமையணும்னு வரைஞ்சதாம். நடக்க முடியாத ஒரு பிள்ளைக்குப் பொழுது போகட்டும்னு வரைஞ்சதுன்னா அவங்களுக்கெல்லாம் கௌரவக் குறைச்சல்.

— இதுல சிரிக்க என்ன இருக்கு? நான் ஒட்டலையா?

— நீ என்ன ஒட்டினே?

— தொரை கட்டிலுக்கு மேல. காலண்டர்ல வந்த படமெல்லாம். ரயிலு, கப்பலு, லாரி. மொதல்ல சுவர்லதான் ஒட்டினேன், அவனுக்குக் கழுத்து அந்தப் பக்கம் திரும்பல. சரின்னு ஏணி போட்டுக் கூரைல ஒட்டினேன். எறங்கி நின்னு பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. அவன் பக்கத்துல படுத்துப் பாத்தா கப்பல் தலைகீழா நிக்குது. எல்லாத்தையும் பிச்சு மறுபடி ஒட்டினேன்.

— எனக்குத் தெரியவே தெரியாதே தம்பி.

— நீ வர்றப்பல்லாம் நின்னுக்கிட்டேதானேக்கா இருப்பே.

— குத்திக் காட்டறியா?

— சும்மா சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நீ நிப்பேல்ல, அதச் சொல்ல வந்தேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத.

— சரி விடு. அடுத்த வாரம் பெரிய கூட்டம் ஒண்ணு இருக்கு. வெளியேருந்தெல்லாம் வர்றாங்க. நான்தான் பேசப் போறேன். 'எல்லோரும் சுமந்த குழந்தை'ன்னு தலைப்பு வெச்சிருக்கேன். எப்படி இருக்கு?

— நல்லா இருக்கு. எல்லாரும்னா யாரு?

— அந்தப் பிள்ளையோட கூட்டம் பூரா. ஒரு முப்பது பேரு இருந்திருப்பாங்க.

— முப்பது பேரும் தூக்குனாங்கன்னு எலும்புல எழுதியிருக்கா?

— அப்படி நேரா இருக்காது. இரு, அந்த மூலைல இருக்கறவளையும் பாத்துரு.

— இது யாரு?

— பெரிய பொம்பள. நாப்பது வயசு இருக்கலாம், அந்தக் காலத்துக்கு அது கெழவிதான். பிள்ளைக்கு ஒரு கையெட்டற தூரத்துல பொதச்சிருக்காங்க. முதுகெலும்பப் பாரு. கீழ மூணு எலும்பும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. எடது இடுப்பு தேஞ்சு பளிங்கு மாதிரி இருக்கு. தோள் ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கி இருக்கு. வருஷக்கணக்கா ஒரே பக்கம் பாரம் சுமந்த ஒடம்பு.

— மத்தவங்களுக்கு இப்படி இருக்கா?

— கெடச்ச வரைக்கும் யாருக்கும் இல்ல.

— அப்ப முப்பது பேரு இல்ல. இவ ஒருத்திதான்.

— அப்படிச் சட்டுனு சொல்லிற முடியாது. சாப்பாடு கொண்டு வந்து குடுத்தவங்க, நெருப்பு மூட்டினவங்க, எல்லாரும் சேத்திதானே.

— அது சரி. இவ அம்மாவா?

— தெரியல. அம்மாவா இருக்கலாம், சித்தியா இருக்கலாம், கூடப் பொறந்தவளாவும் இருக்கலாம்.

— உன் கூட்டத்துல இவளப் பத்திப் பேசுவியா?

— ரெண்டு வரி வரும்.

— ரெண்டு வரி.

— ஏன்டா அப்படிக் கேக்கறே?

— ஒண்ணுமில்ல. தொட்டுப் பாக்கலாமா இவள?

— இந்தக் கையுறைய மாட்டிக்கிட்டுத் தொடு. மெதுவா.

— இங்க. சரியா இந்த எடத்துலதான்கா எனக்கும்.

— தம்பி, உக்காரு. என்ன ஆச்சுன்னு இப்பவாவது சொல்லு. கடையப் பூட்டிட்டு எலும்பு பாக்கவா வந்தே?

— போன மாசம் அவனக் கீழ போட்டுட்டேன்.

— யார, தொரையவா?

— பாத்ரூம்ல. தூக்கறப்ப இங்க சுரீர்னு ஒண்ணு இழுத்துச்சு, கை தன்னால விட்டுருச்சு. நெத்தில தையல் போட வேண்டியதாப் போச்சு. விழுந்தவன் அழக்கூட இல்ல. என்னையே பாத்துக்கிட்டுக் கெடந்தான்.

— ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன்ல பேசறேனே, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?

— 'தொரை எப்படி இருக்கான்'னு கேட்டே. 'நல்லா இருக்கான்'னேன். அப்ப நல்லாத்தான் இருந்தான், கட்டுப் போட்டிருந்தோம்.

— விளையாடாத.

— விளையாடலக்கா. இனிமே அஞ்சு கிலோகூடத் தூக்கக் கூடாதுங்கறாரு டாக்டர். மீறித் தூக்கினா நானும் அவன் பக்கத்துலயே படுக்க வேண்டியதுதானாம். அவளுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. அவ ஒண்ணும் சொல்றதில்ல. அவன் விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தவ, மொதல்ல என்னைத்தான் பாத்தா. அப்புறம்தான் அவனப் பாத்தா. இனிமே எங்களால முடியாதுன்னு அதுலயே எனக்குப் புரிஞ்சு போச்சு.

— ஒரு ஆள் வெச்சுக்கலாமே.

— வெச்சோம். ரெண்டு பேரு வந்தாங்க, ரெண்டு பேரும் போயிட்டாங்க. ஒரு ஹோம் பாத்திருக்கேன்கா.

— ஹோமா?

— நல்ல எடம். நான் சொல்லாம கொள்ளாம போய்ப் பாத்தேன். தரை சுத்தமா இருக்கு, மூத்திர வாடை இல்ல. படுத்திருக்கறவங்களத் தூக்கி உக்கார வெக்க மெஷின் இருக்கு.

— நீ என்ன பேசறேன்னு உனக்குத் தெரியுதா? இவ்வளவு நேரம் எத உனக்குக் காட்டினேன்? ஒரு அரிசி பருப்பு இல்லாத காலத்துல, மருந்து மாத்திரை இல்லாத காலத்துல, அவங்களே விடல. நாம விடறதா?

— எங்க விடுவாங்க?

— என்ன?

— விடறதுக்கு எடம் எங்கக்கா இருந்துச்சு? ஒண்ணு தூக்கணும், இல்ல புலிக்குப் போடணும். நடுவுல ஒரு வாசல் இருந்து, அங்க ஒருத்தி நின்னு, 'குடும்மா, கொஞ்ச நாள் நான் பாத்துக்கறேன்'னு கை நீட்டியிருந்தா? இவ குடுத்திருப்பாளா மாட்டாளான்னு உன் எலும்பு சொல்லுமா?

— அதெல்லாம் சொல்லாது.

— இவ எப்பவாவது அலுத்துப் போய் வெளிய போய் உக்காந்தாளா? பிள்ளை உள்ளேருந்து கத்தக் கத்தக் காது கேக்காத மாதிரி இருந்தாளா? செத்துத் தொலைய மாட்டியான்னு ஒரு நாளாவது நெனச்சாளா?

— சொல்லாதுடா.

— அப்புறம் எதுக்கு இவளத் தெய்வமாக்கி என் எதிர்ல நிறுத்தறே?

— கத்தாத. பக்கத்து ரூம்ல வேலை பண்ணிக்கிட்டிருக்காங்க.

— கத்தல. என் கொரலே இப்படி ஆயிப்போச்சு. காத்தடிக்கற மெஷின் பக்கத்துலயே இருந்து இருந்து.

— நான் விட்டுட்டுப் போனவதான். அத நீ சொல்ல வேண்டியதில்ல. நான் ஏன் ஊர்ல இருக்கற படிப்பெல்லாம் விட்டுட்டு எலும்பு படிச்சேன்னு நெனக்கறே?

— நீ விட்டுட்டுப் போனேன்னு நான் என்னிக்காவது சொன்னேனா? அம்மாதான் உன்னப் படிக்க அனுப்பினா. 'ஒருத்தியாவது போகட்டும்'னு அப்பாகிட்ட சொன்னா. நான் அடுத்த ரூம்லதான் இருந்தேன்.

— கேட்டுட்டியா? 'என்னை ஏன் அனுப்பல'ன்னு நெனச்சிருப்பே.

— நெனச்சேன். ரொம்ப நாளு நெனச்சேன். அப்புறம் அவனக் கடைக்குத் தூக்கிட்டுப் போனப்ப, ட்யூபுக்குக் காத்தடிக்கற சத்தம் கேட்டு சிரிச்சான். அது வரைக்கும் அவன் சிரிச்சு நாங்க பாத்ததில்ல. அதுக்கப்புறம் நெனக்கல. ஒரு பழைய கார் சீட்டக் கடைல போட்டு, என் பக்கத்துலயே வெச்சுக்கிட்டேன். வர்றவங்கல்லாம் 'என்ன முதலாளி, தொரை கல்லாவுல உக்காந்திருக்காரா'ன்னு கேட்டுட்டுத்தான் டயரையே கழட்டுவாங்க.

— இங்க வா. ஒரு படம் இருக்கு, கூட்டத்துல காட்டறதா இல்லையான்னே இன்னும் முடிவு பண்ணல. இது அந்தப் பொந்துக்குள்ள, தரைக்குக் கொஞ்சம் மேல. சுவர்ல கைய வெச்சு, அதுக்கு மேல செம்மண்ணுத் தண்ணிய வாயால ஊதியிருக்காங்க. கைய எடுத்தா அந்த எடம் மட்டும் வெள்ளையா நிக்கும். இது பிள்ளையோட கை.

— ரெண்டு வெரல் மடங்கியிருக்கு.

— விரியாத கை. அதான் பாரு, மணிக்கட்டுக்கிட்ட இன்னொரு கை. பெரிய கை. பிள்ளை கையப் புடிச்சு சுவரோட சேத்து வெச்சிருக்கு. இதுக்குக் கீழ ரெண்டு எடத்துல கலைஞ்சு போயிருக்கு. மூணாவது தடவைதான் சரியா வந்திருக்கு. வலில கைய இழுத்திருக்கும் போல.

— வலியா இருக்காதுக்கா. கூச்சமா இருந்திருக்கும்.

— கூச்சமா?

— புறங்கைல ஈரமா ஊதினா சும்மா இருப்பாங்களா? சிரிச்சிருக்கும். சிரிச்சு சிரிச்சுக் கைய இழுத்திருக்கும். ஊதினவளுக்கும் சிரிப்பு வந்து வாயில இருந்ததெல்லாம் சிந்தியிருக்கும். தொரைக்கு சவரம் பண்ணிவிடறப்ப அப்படித்தான். ஒரு கன்னம் முடிக்கறதுக்குள்ள ரெண்டு பேரும் சோப்பு நுரையாயிருவோம்.

— எத்தனை மாசமா இத உத்து உத்துப் பாக்கறேன். எனக்கு அது தோணலடா.

— அழுவாதக்கா. யாராவது வந்துரப் போறாங்க.

— அவன என்கிட்ட கொண்டு வா.

— என்னது?

— என் வீட்டுக்குக் கொண்டு வா. லிஃப்ட் இருக்கு. நான் தனியாத்தானே இருக்கேன். நீளமா லீவு போடறேன். கூட்டத்துல வேற யாராவது பேசட்டும்.

— இவ்வளவு வருஷம் இதுக்காகத்தானே ஒழைச்சே.

— கெடக்கட்டும். உன் முதுகு போதும் தம்பி. ஒரே முதுகுல எவ்வளவு நாள்தான். எப்படித் தூக்கணும்னு மட்டும் சொல்லிக் குடு.

— எதுக்குக்கா அதெல்லாம் இப்ப.

— சொல்லு. எனக்குத் தெரிஞ்சுக்கணும்.

— ஒரு கை முட்டிக்கு அடியில. இன்னொரு கை அக்குளுக்கு அடியில குடுத்து, தலை உன் தோள்ல சாயணும். அவன் மூச்ச வெளிய விடறப்ப தூக்கணும், இழுக்கறப்ப தூக்கினா வெறச்சுக்குவான். அதுக்கு முன்னாடி காதுகிட்ட சொல்லணும், 'தொரை, வண்டி கெளம்புது'ன்னு. சொல்லாம தூக்கினா பயந்து அலறிருவான்.

— தொரை, வண்டி கெளம்புது. சரி. இப்பவே உன்கூட வர்றேன். நாளைக்குன்னு வெச்சா எனக்கு தைரியம் போயிரும்.

— அக்கா.

— இவங்கள மூடி வெச்சுட்டு, பைய எடுத்துக்கிட்டு வந்துடறேன். நீ வெளிய நில்லு.

— அக்கா, உக்காரு. நான் உன்கிட்ட கேக்க வரல. காலைலயே கொண்டுபோய் விட்டுட்டேன்.

— எங்க?

— அந்த ஹோம்லதான். அங்கேருந்து வீட்டுக்குக் கெளம்பினேன். வீட்டுத் தெரு வந்துச்சு, வண்டிய நிறுத்த முடியல. அப்படியே இங்க வந்துட்டேன்.

— எனக்கு ஒரு போன் பண்ண உனக்கு மனசு வரலையா?

— பண்ணினா வேணாம்பே. நீ வேணாம்னு சொன்னா நான் விட்டிருக்க மாட்டேன்.

— ரொம்ப அழுதானா?

— அவன் அழுற சத்தம் ரோடு வரைக்கும் கேக்கும்னு நெனச்சேன்கா. கேட்டா திரும்பிப் போய்த் தூக்கிட்டு வந்துரலாம்னு வெளிய வண்டிய ஆஃப் பண்ணிட்டுக் காதக் குடுத்துக்கிட்டு நின்னேன்.

— கேக்கலையா?

— அங்க வேலை பாக்கற பொண்ணு வந்தா, சின்னப் பொண்ணு. அவ காதுகிட்ட ஒண்ணுமே சொல்லல, சட்டுனு தூக்கிட்டா. அவன் பயப்படல. அவ தோள்ல கன்னத்த வெச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே உள்ள போயிட்டான்கா.